சிசுவின் இரத்தத்தை மாற்றும்போது உண்மையில் எவ்வளவு மாறுகிறது?





மஞ்சள் காமாலை முற்றிய சிசுக்களுக்குச் செய்யப்படும் இரத்த மாற்று சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்பர்கள் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பழைய இரத்தம் முழுவதையும் எடுத்துவிட்டுப் புது இரத்தம் ஏற்றிவிடுவீர்களா?" என்பதே அது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களும் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: "எங்க புள்ளையோட ரத்தம் இனிமே எங்க ரத்தம் இல்லையா, டாக்டரம்மா?"

இரண்டு கேள்விகளுக்கும் பதில் "இல்லை" என்பதுதான். இரத்தம் முழுவதும் மாறுவதில்லை. மாற்றவும் முடியாது. அப்படியானால் எவ்வளவு மாறுகிறது, அது எப்படிப் போதுமானதாகிறது என்பதை இந்த மடலில் விளக்க விரும்புகிறோம். கொஞ்சம் கணக்கு வரும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், அஞ்ச வேண்டாம்.

ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது?

நிறைமாதத்தில் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 60 பேருக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகத் தெரியும். சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பெரியவர்களின் ஈரல் அதை உடனுக்குடன் பதப்படுத்தி வெளியேற்றிவிடும். பிறந்த சிசுவின் ஈரலுக்கு அந்த வேலை பழகச் சில நாட்கள் ஆகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும்.

சில குழந்தைகளுக்கு மட்டும் சிவப்பணுக்கள் மிக வேகமாக உடைகின்றன. இதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று. முதலாவது ஆர்.எச். பொருத்தமின்மை. தாய் ஆர்.எச். நெகடிவ், சிசு பாசிடிவ் என்று இருந்தால், பிரசவத்தின்போது சிசுவின் இரத்தம் தாயின் உடலில் சிறிது கலந்து, அதற்கு எதிரான பொருளைத் தாயின் உடல் உற்பத்தி செய்யக்கூடும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். அடுத்து வரும் பாசிடிவ் குழந்தையின் அணுக்களை அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று அழிக்கும். இரண்டாவது, தாய் 'ஓ' பிரிவாகவும் குழந்தை 'ஏ' அல்லது 'பி' பிரிவாகவும் இருப்பது. இது அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் கடுமை குறைவு, ஆனால் முதல் குழந்தைக்கே வரலாம். மூன்றாவது, ஜி-6-பி.டி. என்ற நொதிக் குறைபாடு.

பிலிரூபின் அளவுக்கு மீறினால் அது மூளைக்குள் இறங்கிவிடும். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும். பிறகு கீச்சுக்குரலில் அழும், உடலை வில்லைப்போல் பின்னால் வளைக்கும். அந்தக் கட்டத்தைக் கடந்த குழந்தை உயிர் பிழைத்தாலும் காது கேளாமை, கைகால்கள் கட்டுப்பாடின்றி இழுத்துக்கொள்ளுதல் போன்ற குறைகளோடு வாழ நேரிடும். மூளையில் படிந்த சேதத்தைத் திருப்பி எடுக்க மருந்து கிடையாது. ஆகவே அது நிகழும் முன் இரத்தத்தை மாற்றிவிட வேண்டும்.

எப்படிச் செய்யப்படுகிறது?

1925-இல் கனடாவின் டொரன்டோ நகரில் ஆல்ஃபிரட் ஹார்ட் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் செய்தார். 1940-இல் ஆர்.எச். பிரிவு கண்டுபிடிக்கப்பட்ட பின்தான் நோயின் காரணம் புரிந்தது. பிறகு பாஸ்டன் நகரில் லூயி டயமண்ட், தொப்புள்கொடியின் சிரை வழியாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி இரத்தத்தை மாற்றும் முறையை வகுத்தார். இன்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் மற்ற இடங்களிலும் கையாளப்படுவது அடிப்படையில் அதே முறைதான்.

குழந்தையைச் சூடு தரும் வார்மரின் கீழ் படுக்க வைக்கிறோம். இருதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும். குழாயின் வெளிமுனையில் திருகு போன்ற ஒரு அடைப்பான் இருக்கும். அதை ஒரு பக்கம் திருப்பி சிரிஞ்சில் 10 மி.லி. இரத்தத்தை மெதுவாக இழுத்து வெளியேற்றுகிறோம். மறுபக்கம் திருப்பி, உடல் சூட்டுக்கு இதமாக்கிய 10 மி.லி. புது இரத்தத்தை மெதுவாக உள்ளே செலுத்துகிறோம். டாக்டர் "பத்து வெளியே" என்றால் பக்கத்தில் நிற்கும் சிஸ்டர் எழுதிக்கொள்வார். "பத்து உள்ளே" என்றால் மறுபடியும் எழுதுவார். இந்தக் கணக்கில் ஒரு வரி தவறினால் குழந்தைக்கு இரத்தம் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் யாரும் இடத்தை விட்டு நகர முடியாது.

ஏன் ஒரேயடியாக எடுக்கக் கூடாது? 3 கிலோ எடையுள்ள ஒரு சிசுவின் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 250 மி.லி. தான். ஒரு காபி டம்ளரும் இன்னும் கொஞ்சமும். அதில் 10 மி.லி. எடுப்பது பெரியவர் ஒருவரிடம் 200 மி.லி. எடுப்பதற்குச் சமம். அதற்கு மேல் ஒரே மூச்சில் எடுத்தால் அந்தச் சின்ன இருதயம் தாங்காது. எடையைப் பொறுத்து 5 முதல் 20 மி.லி. வரைதான் ஒரு தடவைக்கு அனுமதி.

குடத்துக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் கோடைக்காலத்தில் போர் தண்ணீர் எப்படி உப்புக் கரிக்கும் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 25 டம்ளர் கொள்ளும் ஒரு பாத்திரம் நிறைய உப்புத் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவிழ்க்கக் கூடாது. ஒரு டம்ளர் எடுத்துக் கொட்டிவிட்டு, ஒரு டம்ளர் மெட்ரோ தண்ணீரை ஊற்றிக் கலக்க வேண்டும். இப்படியே 25 முறை செய்தால் பாத்திரம் முழுவதும் நல்ல தண்ணீர் ஆகிவிடுமா?

ஆகாது. முதல் டம்ளரில் வெளியே போவது முழுக்க உப்புத் தண்ணீர். இரண்டாவது டம்ளரிலேயே நாம் ஊற்றிய நல்ல தண்ணீரும் சிறிது சேர்ந்து வெளியே வருகிறது. போகப் போக, நாம் எடுத்துக் கொட்டுவதில் நாமே ஊற்றியதுதான் அதிகமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும், அப்போது மீதி இருக்கும் பழைய நீரில் 25-இல் ஒரு பங்கு மட்டுமே வெளியேறும்.

250 மி.லி. இரத்தம் உள்ள குழந்தைக்கு 10 மி.லி. சிரிஞ்சும் இதே கணக்குத்தான். 25 டம்ளருக்குப் பதில் 25 சிரிஞ்ச். பழைய சிவப்பணுக்களில் எவ்வளவு மாறும் என்று பாருங்கள்:

25 முறை, அதாவது 250 மி.லி. மாற்றினால்: 100-க்கு 64 பங்கு மாறும்.
50 முறை, 500 மி.லி. மாற்றினால்: 87 பங்கு.
75 முறை, 750 மி.லி. மாற்றினால்: 95 பங்கு.
100 முறை, ஒரு லிட்டர் மாற்றினால்: 98 பங்கு.

முதல் கால் லிட்டர் நமக்கு 64 பங்கு லாபம் தந்தது. இரண்டாவது கால் லிட்டர் 23 பங்கு. மூன்றாவது 8. நான்காவது 3 பங்கு மட்டுமே. செலவழியும் இரத்தம் அதேதான், குழந்தை படும் சிரமமும் அதேதான். பலன் மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆகவேதான் உலகெங்கும் மருத்துவர்கள் குழந்தையின் இரத்த அளவைப்போல் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "டபுள் வால்யூம் எக்ஸ்சேஞ்ச்" என்று வார்டில் சொல்வது இதைத்தான்.

சிரிஞ்சின் அளவைப் பெரிதாக்கினால் பலன் கூடுமா என்று சிலர் கேட்பதுண்டு. 20 மி.லி. வீதம் 25 முறை மாற்றினாலும் 88 பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் மாறுகிறது. வித்தியாசம் ஒரு பங்குகூட இல்லை. மொத்தம் எவ்வளவு மாற்றுகிறோம் என்பதே முக்கியம். அதோடு, அவசரப்பட்டு வேகமாக இழுத்துத் தள்ளினால் உள்ளே போன இரத்தம் உடலில் கலப்பதற்குள் அதுவே திரும்ப வெளியே வந்துவிடும். கணக்கில் 87 என்று வந்தது குழந்தையின் உடலில் அதைவிடக் குறையும். நிதானம் இங்கே பலனைக் கூட்டுகிறது.

மஞ்சள் மட்டும் பாதிதான் குறைகிறது

சிவப்பணுக்களில் 87 பங்கு மாறிவிட்டால் பிலிரூபினும் அதே அளவு குறைய வேண்டுமல்லவா? குறைவதில்லை. சிகிச்சை முடிந்தவுடன் சோதித்தால் தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ பாதி அளவுக்கு இறங்கியிருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் அது மறுபடியும் ஏறி, தொடக்க அளவில் 60 பங்கு அல்லது சற்று மேலே வந்து நிற்கும். 25 என்று இருந்த அளவு 12, 13-க்கு இறங்கி, பிறகு 15, 16 என்று ஏறுவதைப் பார்த்துப் பெற்றோர் கலங்கிப்போவார்கள். "இவ்வளவு செய்தும் மறுபடி ஏறுகிறதே" என்பார்கள்.

காரணம் எளியது. சிவப்பணுக்கள் இரத்தக் குழாய்களுக்குள் மட்டுமே இருப்பவை. பிலிரூபின் அப்படி அல்ல. அது தோலிலும், கொழுப்பிலும், மற்ற திசுக்களிலும் ஊறிக் கிடக்கிறது. குழந்தை மஞ்சளாகத் தெரிவதே அதனால்தான். கிணற்றை இறைத்தால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஊற்று வந்து மறுபடி நீர் சேர்வதுபோல், இரத்தத்தில் அளவு குறைந்ததும் திசுக்களிலிருந்து பிலிரூபின் இரத்தத்துக்கு வந்து சேர்கிறது. இது சிகிச்சையின் தோல்வி அல்ல. திசுக்களில் இருந்தது வெளியே வருகிறது என்றே பொருள். வந்ததைப் போக்க ஒளி சிகிச்சை தொடரும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் சோதிக்கப்படும். சில குழந்தைகளுக்கு இரண்டாம் முறையும் மாற்ற வேண்டிவரும்.

அப்படியானால் இதன் உண்மையான பலன் என்ன?

பாதிதான் குறைகிறது, அதுவும் மறுபடி ஏறுகிறது என்றால் இவ்வளவு பாடு எதற்கு? இதற்கான பதில் இன்னும் உடையாத அணுக்களில் இருக்கிறது.

1 கிராம் ஹீமோகுளோபின் உடைந்தால் சுமார் 35 மில்லிகிராம் பிலிரூபின் உண்டாகும். நம் 3 கிலோ சிசுவுக்கு ஹீமோகுளோபின் 14 என்று வைத்துக்கொண்டால், அதன் 250 மி.லி. இரத்தத்தில் மொத்தம் 35 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது. அத்தனையும் உடைந்தால் 1,200 மில்லிகிராமுக்கு மேல் பிலிரூபின் வரும். ஆனால் பிலிரூபின் அளவு 25 என்று ஆபத்தான நிலையில் இருக்கும்போதுகூட, அந்த நேரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது சுமார் 35 மில்லிகிராம்தான்.

ஆர்.எச். நோயில் தாயின் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு அணுவும் உடையக் காத்திருக்கும் அணு. ஆகவே அன்றைக்கு இரத்தத்தில் மிதக்கும் 35 மில்லிகிராமைவிட, நாளையும் மறுநாளும் வரப்போகும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம்தான் பெரிய பகை. இரத்தத்தை மாற்றும்போது அந்த அணுக்களில் 87 பங்கை, அவை உடைவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுகிறோம். அவற்றின் இடத்தில், தாயின் எதிர்ப்பொருளால் தொட முடியாத அணுக்கள் வந்து அமர்கின்றன. இரத்தசோகையும் அதே நேரத்தில் சரியாகிறது. மீதமுள்ள 13 பங்கு அணுக்கள் உடைந்து தரும் பிலிரூபினை, ஈரல் வேலைக்குப் பழகும்வரை ஒளி சிகிச்சையால் சமாளித்துவிடலாம்.

முழுவதும் மாற்றாவிட்டாலும் இந்தச் சிகிச்சை குழந்தையைக் காப்பாற்றுவது இதனால்தான்.

யாருடைய இரத்தம்?

இங்கேதான் முன்பின் அறியாத இன்னொருவரின் உதவி தேவைப்படுகிறது. ஆர்.எச். நோய் உள்ள குழந்தைக்கு 'ஓ நெகடிவ்' அணுக்கள் வேண்டும். அவை தாயின் இரத்தத்தோடும் பொருந்துகின்றனவா என்று சோதித்த பிறகே ஏற்றுவோம். நம் நாட்டில் 100 பேரில் சுமார் 5 பேருக்குத்தான் ஆர்.எச். நெகடிவ். அதிலும் 'ஓ' பிரிவினர் சுமார் 2 பேர்.

சாதாரணமாக ஒரு இரத்தப் பையை 35 நாட்கள்வரை குளிர்பெட்டியில் வைத்துப் பயன்படுத்தலாம். இரத்த மாற்றுக்கு அது போதாது. நாள் ஆக ஆக அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும். இவ்வளவு சிறிய உடலில் இவ்வளவு அதிகமாக ஏற்றும்போது அது இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆகவே கூடுமானவரை 5 நாட்களுக்கு உட்பட்ட இரத்தமே வேண்டும். 3 கிலோ குழந்தைக்கு 500 மி.லி. தேவை. ஒருவர் ஒரு முறை கொடுப்பது 350 அல்லது 450 மி.லி. பல சமயங்களில் ஒருவரின் 'ஓ' அணுக்களையும் மற்றொருவரின் 'ஏ.பி.' பிளாஸ்மாவையும் இரத்த வங்கியில் சேர்த்துத் தயாரிப்பார்கள். ஒரு சிசுவுக்குப் பின்னால் முகம் தெரியாத இரண்டு கொடையாளிகள் நிற்கிறார்கள்.

சென்னையில் பாதுகாப்பான இரத்தம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல் இங்கேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். அந்த நாட்களில் பணத்துக்கு இரத்தம் விற்பவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் இரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. இன்று ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகிறது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை அடையாறை அடுத்த தரமணியில் உள்ளது. அங்குள்ள ரோட்டரி சென்ட்ரல் டி.டி.கே. வி.எச்.எஸ். இரத்த வங்கி போன்றவை தன்னார்வக் கொடையாளிகளையே நம்பி நடக்கின்றன.

ஆபத்துகளும் பின்கவனிப்பும்

இது ஆபத்தில்லாத சிகிச்சை என்று உங்களுக்குச் சொல்ல மாட்டோம். இரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்க்கப்படும் சிட்ரேட், குழந்தையின் கால்சியத்தைக் குறைக்கும். தட்டணுக்கள் குறையும். சர்க்கரை அளவு இறங்கலாம். நோய்த்தொற்று, குடல் அழற்சி, இருதயத் துடிப்பில் கோளாறு ஆகியவையும் நேரலாம். தேர்ந்த கைகளிலும் மிகச் சில குழந்தைகளை இதனாலேயே இழக்க நேரிடுகிறது. மூளைச் சேதத்தின் ஆபத்து இதைவிடப் பெரியதாகும்போதுதான் மருத்துவர்கள் இதில் இறங்குகிறார்கள்.

இனி பாட்டியின் கேள்விக்கு வருவோம். குழந்தையின் இரத்தம் இனி யாருடையது? ஏற்றிய சிவப்பணுக்களின் ஆயுள் அதிகபட்சம் 120 நாட்கள். குழந்தையின் எலும்பு மஜ்ஜை தன் சொந்த அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 4 மாதங்களில் ஏற்றியவை மறைந்து, குழந்தையின் சொந்த இரத்தமே ஓடும். சாயலோ, குணமோ, குலமோ எதுவும் மாறுவதில்லை. கொடையாளி நமக்குத் தந்தது அந்த 4 மாத அவகாசம்.

ஆனால் இரண்டு விஷயங்களைப் பெற்றோர் மறக்கக் கூடாது. முதலாவது, சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்குள் இரத்தப் பிரிவைச் சோதித்தால் குழந்தையின் பிரிவு தெரியாது, கொடையாளியின் பிரிவுதான் தெரியும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் இரத்தம் மாற்றிய தேதியும், முன்பு பார்த்த பிரிவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜி-6-பி.டி. போன்ற சோதனைகளுக்கும் மாற்றுவதற்கு முன்பே இரத்தம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தாயின் எதிர்ப்பொருள் உடலில் சில வாரங்கள் தங்கியிருக்கும். அது புதிதாகப் பிறக்கும் அணுக்களையும் உடைக்கும். குழந்தை தேறிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், 2, 3 மாதங்கள்வரை ஹீமோகுளோபின் பார்க்க வர வேண்டும்.

பெரியவர்களுக்கும் இதே கணக்கு

இந்தக் குடத்துக் கணக்கு சிசுக்களோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் எலி மருந்து உட்கொண்டு ஈரல் கெட்டுப்போய் வருகிறவர்களுக்கு, மிஷன் மருத்துவமனையான வேலூர் சி.எம்.சி.யில் பிளாஸ்மா மாற்று சிகிச்சை அளித்துவருகிறார்கள். இதில் அணுக்களைத் திருப்பித் தந்துவிட்டு, நீர்ப்பகுதியை மட்டும் இயந்திரம் மாற்றும். ஒரு மடங்கு பிளாஸ்மாவை மாற்றினால் அதிலும் 63 பங்குதான் மாறும். திடீரென்று கைகால் விழுந்துபோகும் கில்லன் பாரே நோயில், ஒன்று விட்டு ஒரு நாளாக ஏறக்குறைய 5 முறை மாற்றுவதற்கும் காரணம் நாம் மேலே கண்ட கிணற்று ஊற்றுதான். நோய் உண்டாக்கும் எதிர்ப்பொருளில் பாதிக்கு மேல் இரத்தக் குழாய்களுக்கு வெளியே இருப்பதால், அது உள்ளே வந்து சேர ஒரு நாள் காத்திருந்து மறுபடி எடுக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-லேயே கண்டறியப்பட்ட அரிவாள் அணு நோயிலும், பக்கவாதம் போன்ற நெருக்கடி வந்தால் சிவப்பணுக்களை மாற்றி, கெட்ட ஹீமோகுளோபினை 30 பங்குக்குக் கீழே கொண்டுவர முயல்கிறார்கள். 30-க்குக் கீழே வந்தாலே போதும், பூஜ்யம் ஆக வேண்டியதில்லை.

மாற்றாமல் காப்பதே மேல்

நண்பர்களே, இரத்த மாற்று சிகிச்சை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அதற்குக் காரணமான இரண்டு கண்டுபிடிப்புகளை நன்றியோடு நினைக்கிறோம்.

ஒன்று ஒளி சிகிச்சை. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் சிஸ்டர் ஜீன் வார்ட் என்ற நர்ஸ், குழந்தைகளைத் தோட்டத்து வெயிலில் வைத்துவிட்டு வருவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளிறியிருப்பதையும், துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1958-இல் விளக்கொளி சிகிச்சை வெளியிடப்பட்டது. இன்று வார்டில் எரியும் நீல விளக்குக்கு மூலம் ஒரு நர்ஸின் கூர்ந்த பார்வை.

மற்றொன்று ஆன்டி-டி ஊசி. 1968 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இது போடப்படாத ஆர்.எச். நெகடிவ் தாய்மாரில், பாசிடிவ் குழந்தை பெற்ற 100 பேரில் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பொருள் உண்டாகக்கூடும். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட்டால் அது 2 பேருக்கும் கீழாகக் குறைகிறது. கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலும் ஒரு ஊசி போட்டால் 1,000 பேரில் ஓரிருவர் என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. கருச்சிதைவுக்குப் பிறகும் இந்த ஊசி தேவை. பல குடும்பங்கள் மறப்பது இதைத்தான். இந்த ஊசி மருந்தும் மனிதர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்தே தயாராவது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 2018 வரை 1,173 முறை கொடுத்தார். அவர் 2025-இல் தமது 88-ஆம் வயதில் காலமானார்.

இவற்றையும் மீறி எதிர்ப்பொருள் உண்டாகிவிட்ட தாய்மாருக்கு, வயிற்றிலிருக்கும் சிசுவுக்கே ஸ்கேன் பார்த்துக்கொண்டு இரத்தம் ஏற்றும் வசதி மயிலாப்பூரில் உள்ள மெடிஸ்கேன் போன்ற மையங்களில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் உறவிலும் பிள்ளை பெறப்போகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து இவற்றைச் சொல்லுங்கள். கர்ப்பம் உறுதியானதும் இரத்தப் பிரிவைப் பார்த்து எழுதி வைக்கவேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரணக் காமாலை அல்ல. உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், முற்றிய காமாலைக்கு அந்த வெயில் போதாது. மூத்த குழந்தையின் துணிகளைப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால் அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஜி-6-பி.டி. குறைவுள்ள சிசுவுக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

உங்களில் ஆர்.எச். நெகடிவ் பிரிவினர் இருந்தால் அருகிலுள்ள இரத்த வங்கியில் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிந்து வையுங்கள். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், உடல்நலத்தோடு இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டு அனுப்பும் காசோலையால் ஒளி விளக்கும் ஆன்டி-டி ஊசியும் வாங்க முடியும். 5 நாட்களுக்கு உட்பட்ட ஓ நெகடிவ் இரத்தத்தை எந்தக் காசோலையாலும் வாங்க முடியாது. அதை ஒரு மனிதர் எழுந்து வந்து கொடுத்தால்தான் உண்டு.